குப்புறப் படுத்த பதினான்கு நாட்கள்

என் வலது கண்ணைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். "யாரு குத்தினது?" யாரோ ஒருத்தி ஓங்கிக் குத்தி அதில் கண் போய்விட்டது என்றால் அவர்களுக்கு மனசு ஆறும். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைக்கும் அல்லவா? பயிற்சியில் ஒருத்தியின் கட்டைவிரல் என் கண்ணில் இடித்தது உண்மைதான். அன்றைக்கே அவள் பத்து தடவை மன்னிப்புக் கேட்டாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கண்ணைக் கெடுத்தவள் நான்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தே கெடுத்தேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்தக் கதையை எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் மஞ்சுளா. வயது முப்பத்தொன்று. நெய்வேலி நகரியத்தில் அம்மாவின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அம்மா பிறந்த வீட்டு நிலம் மைன்ஸுக்குப் போனதற்குப் பதிலாக வந்த வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. அப்பா ஒரு கான்ட்ராக்டரிடம் லாரி ஓட்டுகிறார். "எங்க வூட்ல அவ பர்மனென்ட், நான் கான்ட்ராக்ட்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். முப்பது வருடமாக அதே ஜோக். அம்மாவும் முப்பது வருடமாகச் சிரிக்காமல்தான் இருக்கிறாள்.

ஏழாம் வகுப்பில் பி.டி. டீச்சர் என்னை மல்யுத்த மெத்தையில் இறக்கிவிட்டார். மாநில அளவில் மூன்று தங்கம், தேசிய அளவில் ஒரு வெண்கலம். அதற்கு மேல் ஏறவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வரும், வரும் என்று காத்திருந்தே இருபத்து நான்கு வயதாகிவிட்டது. அப்போதுதான் சென்னையில் இருந்த ஒரு மாஸ்டர் என்னை எம்.எம்.ஏ. பக்கம் இழுத்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மல்யுத்தம், குத்து, உதை, கழுத்துப் பிடி எல்லாம் சேர்ந்த சண்டை அது. வலை அடித்த கூண்டுக்குள் நடக்கும். ஏழு வருடத்தில் பதினொரு சண்டை போட்டேன், ஒன்பதில் ஜெயித்தேன். போன வருடம் ஐம்பத்திரண்டு கிலோ பிரிவில் சாம்பியன் ஆனேன்.

அந்தப் பட்டச் சண்டைக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் கட்டைவிரல் இடித்தது. முதலில் கண்ணின் ஓரத்தில் யாரோ வெல்டிங் போடுகிற மாதிரி பளிச் பளிச்சென்று வெளிச்சம். பிறகு கொசுக் கூட்டம். கையால் விரட்டினால் போகாத கொசு. ஒரு வாரத்தில் பார்வையே கலங்கிப்போனது. மேலே பாதி இறக்கிவிட்ட ஷட்டர் போல ஒரு கறுப்பு வந்து நின்றது. ஏதோ பெரிசாகக் கெட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் சண்டை போய்விடும். இந்த வாய்ப்புக்கு ஏழு வருடம் காத்திருந்தேன். இரண்டு முறை கைக்கு வந்து தட்டிப்போனது வேறு. சண்டை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் கண் டாக்டரிடம் சர்டிஃபிகேட் வாங்கிப் போட்டி நடத்துகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு வழி எனக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரியும்.

அப்பாவுக்கும் வருடா வருடம் அந்த சர்டிஃபிகேட் வேண்டும். இல்லாவிட்டால் வண்டி தரமாட்டார்கள். ஒரு வருடம், அம்மா ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரத்தில், என் ரஃப் நோட்டைக் கேட்டு வாங்கி ஆங்கில எழுத்துக்களை மேலே பெரிதாக, கீழே வரவரச் சின்னதாக எழுதினார். நோட்டை நான் பிடித்துக்கொள்ள, அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். இ. எஃப், பி. டி, ஓ, இசட். தப்பு விட்டால் நான் அவர் கையில் ஒரு அடி வைக்க வேண்டும். எனக்கு அது விளையாட்டு. டாக்டர்கள் மாட்டி வைத்திருக்கும் அந்த அட்டை எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஏன் ஒப்பிக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

பதினேழு வருடம் கழித்து நான் வீட்டு வராந்தாவில் நடந்துகொண்டே அதே எழுத்துக்களை முணுமுணுத்தேன். மறுநாள் டாக்டர் என் இடது கண்ணை மறைத்தார். எதிரே புகை மூட்டம் மாதிரிதான் இருந்தது. ஆறு வரிசை ஒப்பித்தேன். "வெரி குட்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேல் பக்கம் தெரியாததால் ஒரு உதை வந்ததே தெரியவில்லை, நெற்றியில் வாங்கினேன். நின்று சண்டை போட்டால் செத்தோம் என்று புரிந்ததும் காலைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டேன். கீழே வந்துவிட்டால் எனக்குக் கண் தேவையில்லை. கை பார்த்துக்கொள்ளும். இரண்டாவது ரவுண்டில் அவள் முதுகில் ஏறிக் கழுத்தைப் பிடித்தேன், தோற்றேன் என்று தரையைத் தட்டிவிட்டாள். நகரிய வாசலில், ஆர்ச் கேட்டில் எனக்கு பேனர் வைத்தார்கள். அந்த பேனரில் இருந்த என் முகத்தையே நான் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன்.

பத்தாம் நாள் காலையில் அம்மாவுக்கு டீ ஊற்றினேன். டீ டம்ளருக்குப் பக்கத்தில் மேடையில் கொட்டியது. நான் கவனிக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"ஏய், என்னாடி ஆச்சு உனக்கு? எங்க பாத்துகினு ஊத்துற?"

"ஒண்ணுமில்லம்மா, தூக்கம்."

அம்மா என் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். "இப்ப நான் எத்தினி விரல் காட்டறேன் சொல்லு."

எனக்கு அவள் கையே தெரியவில்லை. "மூணு" என்றேன். அவள் ஒரு விரலும் காட்டவில்லையாம்.

அன்றைக்கே லீவு போட்டாள். முத்தாண்டிக்குப்பம், பண்ருட்டி, கடலூர் என்று பஸ் மாறி மாறிப் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். கை மட்டும் என் மணிக்கட்டை விடவில்லை.

அங்கே சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கண்பாவையை அகலமாக விரிப்பதற்கான மருந்து அது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விட்டார்கள். எல்லாம் மங்கி, வெளிச்சம் ஊசியாகக் குத்தும். வரிசையில் என்னைத் தவிர எல்லோரும் புரை எடுக்க வந்த வயதானவர்கள். பக்கத்தில் இருந்த தாத்தா என் தோளைப் பார்த்துவிட்டு, "நீ போலீஸாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்வது அந்த மாதம் எனக்குப் பழகியிருந்தது.

சொட்டு மருந்துக்கு முன்பே பார்வை சோதித்திருந்தார்கள். சின்னப் பெண் ஒருத்தி இடது கண்ணை மறைத்துப் படிக்கச் சொன்னாள். நான் கம்பீரமாக ஆரம்பித்தேன். "இ. எஃப், பி. டி, ஓ, இசட்."

"அக்கா, அங்க நம்பர்தான் இருக்கு" என்றாள் அவள். "இது கம்ப்யூட்டர் ஸ்கிரீன்க்கா. ஆளுக்கு ஆள் மாத்துவோம்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. சீட்டில் ஏதோ எழுதிவிட்டு என்னைக் கையைப் பிடித்து அடுத்த அறைக்குக் கூட்டிப்போனாள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

இமை மேல் ஜெல்லி தடவி ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு டாக்டரம்மா நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பழைய கேமராவில் படம் விழுகிற ஃபிலிம் இருக்குமே, அதுபோலக் கண்ணுக்குள் பின்பக்கச் சுவரில் ஒட்டியிருப்பது விழித்திரை. அது கிழிந்து, கிழிசல் வழியாக நீர் புகுந்து, சுவரிலிருந்து பெயர்ந்துவிட்டது என்று சொன்னார்.

"எத்தனை நாளா தெரியல?"

"ரெண்டு நாளா மேடம்."

"பொய் சொல்லாதீங்க. மாசத்துக்கு மேல ஆயிருக்கு. திரை சுருங்கிப்போயிருக்கு. முதல் வாரத்துல வந்திருந்தா லேசர்லயே முடிச்சிருக்கலாம்."

அம்மா என் மணிக்கட்டை அப்போதுதான் விட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. உதை வாங்கியபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை.

மறுநாள் ஆபரேஷன். சண்டையில் வந்த பரிசுப் பணம் அதற்குச் சரியாகப் போனது. மயக்க மருந்து கிடையாது, கண்ணுக்குக் கீழே ஒரு ஊசி போட்டு மரத்துப்போக வைப்பார்கள். அவ்வளவுதான். முகத்தின் மேல் பச்சைத் துணி மூடி, தலை அசையாமல் இருக்க நெற்றியில் டேப் ஒட்டினார்கள். எனக்கு மூச்சு முட்டியது. என் மேல் எண்பது கிலோ ஆம்பளைகள் ஏறி உட்கார்ந்து பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், அப்போதுகூட ஏதாவது ஒரு பக்கம் இடுப்பை நெளிக்க இடம் இருக்கும். இங்கே நெளிந்தால் கண் போகும். என்னை அறியாமல் கை மேஜையை இரண்டு தடவை தட்டியது. கூண்டில் தட்டினால் எதிராளி உடனே விட்டுவிட வேண்டும்.

"என்னம்மா, வலிக்குதா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல மேடம், பழக்கம்."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அசையாதீங்க."

திரையைச் சமன்படுத்தி, லேசர் வைத்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை நிரப்பினார்கள். குமிழி மேல்நோக்கித்தான் மிதக்கும். கண்ணின் பின்சுவர் மேலே இருக்கும்படி நான் குப்புறக் கிடந்தால் குமிழி திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். பதினான்கு நாள், ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அப்படித்தான். வாயு கரைகிற வரை விமானம் ஏறக்கூடாது, மலை ஏறக்கூடாது.

மல்யுத்தத்தில் இரண்டு தோளும் மெத்தையில் படக்கூடாது, குப்புறப் படுத்துவிட்டால் பிழைத்தோம். கூண்டில் குப்புறப் படுத்தால் முதுகைக் கொடுத்துவிட்டோம், கதை முடிந்தது. வீட்டில் கட்டிலில் கிடந்தபோது இரண்டும் மாறி மாறி உடம்புக்குள் ஓடியது. ஒரு நேரம் பத்திரமாக இருக்கிறோம் என்று தோன்றும். அடுத்த நிமிடமே முதுகில் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி பதறும். எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும். கண்ணை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

கட்டில் அப்பா செய்தது. தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் பழைய இரும்புக் கட்டிலைக் கொடுத்து, தலைமாட்டில் முகம் போகிற அளவு ஒரு ஓட்டை வைத்து வெல்டிங் செய்து வாங்கி வந்தார். ஓட்டையைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன் மேல் அம்மாவின் காட்டன் புடவையைக் கிழித்துக் கட்டியிருந்தார். அந்த ஓட்டை வழியாகத் தெரிந்ததெல்லாம் சிமெண்ட் தரையும் ஒரு விரிசலும்தான். பொழுது போகட்டும் என்று அம்மா தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தாள். அதில் டிவி தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிவி தெரியவில்லை, வீங்கிய என் மூஞ்சிதான் நாள் முழுக்கத் தெரிந்தது. "எடுத்துத் தொலைம்மா இத!" என்று கத்தினேன். அம்மா எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் என் கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். அப்போதும் பேசமாட்டாள். பேச்சு வராத கோபம் அது. ஆனால் ஒருநாள்கூட எண்ணெய் தேய்க்காமல் விட்டதில்லை.

பேச வந்தவர் அப்பாதான். மூன்று மணி வாக்கில் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, தட்டோடு கட்டிலுக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்துக்கொள்வார். அவர் முகமும் என் முகமும் ஒரு சாண் தூரத்தில் எதிரெதிரே இருக்கும். அப்படியே எனக்குச் சோறு ஊட்டுவார். முதல் வாய் மூக்கில் படும், அடுத்தது கன்னத்தில்.

"அப்பா, வாய் இங்க இருக்கு."

"இருட்டா கீதும்மா கட்டில் கீழ."

ஆறாம் நாள் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வெயில் நேராகக் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அப்பாவின் இடது கருவிழி பால் ஊற்றின மாதிரி வெள்ளையாக இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. நோட்டுப் புத்தகமும் நான் வைத்த அடியும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அப்பா, உனக்கு அந்தக் கண்ணு தெரியுதா?"

அவர் கையில் இருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். பிறகு, "நீ வராந்தாவுல முணுமுணுத்துகினு நடந்தியே, அத நான் கேட்டேன் பாப்பா" என்றார். "முத எழுத்துலயே தெரிஞ்சிப்போச்சு, உனக்குக் கண்ணுல என்னமோ கோளாறுன்னு. வந்து கேட்டுடலாம்னு கதவு வரிக்கும் வந்தேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா, நீ மட்டும் யோக்கியமான்னு திருப்பிக் கேப்ப. அதுக்குப் பயந்துகினு போய்ப் படுத்துட்டேன்." அவர் நல்ல கண்ணிலும் தெரியாத கண்ணிலும் ஒன்றாகத் தண்ணீர் வந்தது. "நான் கேட்டிருந்தா உன் கண்ணு பொழச்சிருக்கும்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. நல்ல கோபம். குப்புறக் கிடந்ததால் என் கண்ணீர் நேராக அவர் நெற்றியில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை. "நீ வண்டி ஓட்டற ரோட்டுல எத்தன பசங்க சைக்கிள்ல போவுதுப்பா" என்றேன். "தெரியும்" என்றார். "வண்டிய வுட்டுட்டு வூட்ல குந்திகினு நான் என்னா செய்வேன், சொல்லு." கூண்டை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. மீதிச் சோற்றை ஊட்டிவிட்டு எழுந்து போனார். அம்மாவிடம் இரண்டு பேருமே சொல்லவில்லை.

பதினான்கு நாள் முடிந்து தலையை நிமிர்த்தியபோது கழுத்து மரமாக இருந்தது. வலது கண்ணில் குமிழியின் விளிம்பு தண்ணீர் மட்டம் மாதிரி ஆடியது. வாராவாரம் அது சிறுத்துக்கொண்டே போனது. முழுசாகக் கரைந்ததும் எல்லாம் தெளிந்துவிடும் என்று பைத்தியக்காரி மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் கரைந்தது. விரலை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் எண்ண முடிகிறது. கதவு நிலை நெளிந்து தெரிகிறது. அவ்வளவுதான்.

இடது கண்ணிலும் திரை இரண்டு இடத்தில் மெலிந்திருந்தது. அதற்கும் லேசர் வைத்தார்கள். டாக்டரம்மா நேராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு நல்ல அடி விழுந்தா இந்தக் கண்ணும் போயிடலாம். அப்புறம் உங்களுக்கு எதுவும் தெரியாது. சண்டை வேண்டாம்."

தலையை ஆட்டினேன். மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. ஒரே ஒரு சண்டை, பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டு, ஜெயித்த கையோடு விலகிவிடலாம். மாஸ்டரிடம், "கண் சரியாயிடுச்சு மாஸ்டர்" என்றே சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷத்தில் சென்னையிலிருந்து ஒரு கூடைப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். சின்ன கிளினிக்குகளில் இன்னும் அந்தப் பழைய அட்டைதான் தொங்குகிறது. நான் போய் ஒப்பித்தால் போதும், கையெழுத்துக் கிடைக்கும். இதைவிட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. கட்டிலிலிருந்து எழுந்த பிறகும் இந்த நினைப்பிலிருந்து எழ முடியாமல் கிடந்தேன்.

போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து போன் வந்தபோது மதியம் ஒரு மணி. அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அந்த வாரம் இரண்டு மணி ஷிஃப்ட். காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"மஞ்சுளா, மூணு மாசத்துல உங்க டைட்டில் ஃபைட். கண் சர்டிஃபிகேட் மட்டும் அனுப்பிடுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

சரி சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்பா பொத்தானை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். வலது கண்ணால் பார்க்கத் தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வைத்திருந்தார். எத்தனையோ வருடமாக அவர் அப்படித்தான் நிற்கிறார். நாங்கள் அதை அவர் ஸ்டைல் என்று நினைத்திருந்தோம். நானும் இப்போது அப்படித்தான் நிற்கிறேன், எதிர்ப் பக்கமாக.

"சார், எனக்கு வலது கண்ணு தெரியாது."

"சரியாயிடுச்சுன்னு மாஸ்டர் சொன்னாரே?"

"அவருகிட்டயும் பொய்தான் சொன்னேன். பட்டச் சண்டையிலயே தெரியல சார். எழுத்த மனப்பாடம் பண்ணிகினு போய் ஒப்பிச்சேன்."

"யோசிச்சுதான் பேசறீங்களா? இது வெளிய தெரிஞ்சா டைட்டிலே இல்லாம போயிடும்."

"எடுத்துக்கங்க சார். இனிமே நான் சண்டை போட மாட்டேன்."

எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். அம்மா சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து இடது கையால் என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "போனா போவுதுடி. போனா போவுது" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் என்னிடம் கோபமில்லாமல் பேசியது அன்றைக்குத்தான்.

அப்பா வெளியே போனார். பைக்கை உதைத்துக் கிளப்புகிற சத்தம் கேட்டது. வண்டி நகரவில்லை. வெகுநேரம் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்துவிட்டு அணைந்தது. அப்பா உள்ளே வந்து எங்கள் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, ஷிஃப்டுக்கு நேரமாவல?" என்றாள் அம்மா.

"நாளைக்கு பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போறல்ல? எனக்கும் ஒரு சீட்டு போட்டுடு."

"உங்களுக்கு என்னாத்துக்கு?"

அப்பா காக்கிச் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "இடது கண்ணு தெரியாது" என்றார். "பதினெட்டு வருஷமாச்சு."